ஒரு குடை, ஒரு சிவப்பு லேசர், 50 அடி வீடு

ரங்கூனில் ஜூலை மாதம் குடை பிடிப்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். எப்படியும் முழங்காலுக்குக் கீழே நனைந்துதான் வீடு சேர வேண்டும். அப்படி ஒரு ராத்திரி, கரண்ட் போய்த் தெருவே இருண்டு கிடந்தபோது, அண்ணன் மகளை டியூஷனிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். தெருக்கோடி வெற்றிலைக் கடையில் மட்டும் பேட்டரியில் ஒரு குட்டி எல்இடி எரிந்துகொண்டிருந்தது. காற்றுக்கு எதிராகக் குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துப் பிடித்திருந்தவள், நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

“சித்தப்பா, குடைத் துணி வழியா அந்த லைட்டைப் பாருங்களேன். ஒண்ணு ஒம்பதாத் தெரியுது.”

குனிந்து பார்த்தேன். ஒரே விளக்கு, கூட்டல் குறி மாதிரி மேலும் கீழும் பக்கவாட்டிலும் புள்ளி புள்ளியாக வரிசை கட்டி நின்றது. நடுப்புள்ளி வெள்ளை. தள்ளியிருந்த புள்ளிகளில் உள்பக்கம் நீலம், வெளிப்பக்கம் சிவப்பு.

“துணியில ஓட்டை ஓட்டையா இருக்கில்ல, ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு லைட்டு தெரியுது” என்று சித்தப்பாவுக்குரிய தோரணையில் சொல்லிவிட்டு நடந்தேன். அவள் நகரவில்லை. குடையை மெல்ல மேலும் கீழும் ஆட்டினாள். துணி நகர்ந்தது, புள்ளிகள் நகரவில்லை. காம்பைத் திருகினாள். இப்போது புள்ளிகளும் கூடவே சுற்றின. “ஓட்டைன்னா ஆட்டினா ஆடணும்ல?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. கீழே இருப்பது அந்தப் பதில்தான், மூன்று மாதம் தாமதமாக.

இது ஏற்கெனவே ஒருவர் கேட்ட கேள்வி என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிலடெல்பியாவில் பிரான்சிஸ் ஹாப்கின்சன் என்பவர் ஒரு மாலை வாசலில் உட்கார்ந்து, பட்டுக் கைக்குட்டை வழியாகத் தெருவிளக்கைப் பார்த்திருக்கிறார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் அவர். கைக்குட்டையை இடமும் வலமும் நகர்த்தியும் கோடுகள் நகராமல் நின்றது அவருக்கு விளங்கவில்லை. கருவிகள் செய்வதில் கெட்டிக்காரரான டேவிட் ரிட்டன்ஹவுசுக்கு 1785இல் கடிதம் எழுதினார். ரிட்டன்ஹவுஸ் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு மெல்லிய திருகாணிகளின் புரிகளில் தலைமுடிகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இழுத்துக் கட்டி ஒரு முடிவேலி செய்தார். அறையை இருட்டாக்கி, சன்னல் கதவில் விட்ட ஒரு கீற்றை அந்த வேலி வழியாகப் பார்த்தார். ஒரு கீற்று பல கீற்றானது. தலைமுடி வேலியை வைத்து அவரே செய்திருக்கிறார் என்றால் நமக்கென்ன குறைச்சல் என்று தோன்றியது.

என் தொழில் செல்போன் ரிப்பேர். மேசையில் மைக்ராஸ்கோப் உண்டு, போர்டைப் பிடிக்கும் கிளாம்பு உண்டு, முடியைவிட மெல்லிய ஜம்பர் வயர் ரீல் ரீலாக உண்டு. இதையெல்லாம்விடப் பெரிய வசதி வீடுதான். ரங்கூன் நடுவூரில் பழைய கட்டடத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 12.5 அடி அகலம், 50 அடி நீளம், ரயில் பெட்டி மாதிரி. முன்னால் பால்கனி, கடைசியில் அடுப்படி. அண்ணி இத்தனை வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கும் அந்த நீளம், ஒளியை வைத்து விளையாட நினைப்பவனுக்கு வரப்பிரசாதம். முன்னறையில் லேசரை வைத்தால் அடுப்படிச் சுவர் திரை. டேப் பிடித்து 10 மீட்டர் சரியாக வரும் இடத்தில் மேசையைப் போட்டேன். இருட்டுக்குக் கவலையில்லை. அதை மின்சார வாரியமே தினமும் தந்துவிடுகிறது.

லேசர், நடைபாதையில் விற்கும் சாதாரணச் சிவப்பு லேசர். விலை சொன்னால் அடுத்த வாரமே பொய்யாகிவிடும், விட்டுவிடுகிறேன். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் கை ஆடும், பட்டன் பேட்டரியும் அரை மணியில் மங்கும். அதனால் பொத்தானை நூலால் கட்டிவிட்டு, இரண்டு பென்சில் பேட்டரிக்கு வயர் இழுத்தேன். ஒரு வார்த்தை: லேசரை நேராகக் கண்ணால் பார்க்கக் கூடாது. பளபளப்பான பொருளில் பட்டுத் திரும்புவதும் அதே லேசர்தான். நாங்கள் வைத்துக்கொண்ட விதி, கதிர் போகும் உயரத்துக்கு யாரும் தலையைக் கொண்டுபோகக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது என்பது. இந்த விதியை மீறியது ஒரு பூனை மட்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் குடைத் துணி. பழைய குடை ஒன்றிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கிளாம்பில் மாட்டி, லேசரை அதன் வழியாக விட்டேன். அடுப்படிச் சுவரில் கோலப்புள்ளி வைத்த மாதிரி சிவப்புப் புள்ளிகள். பக்கவாட்டில் புள்ளிக்குப் புள்ளி 26 மில்லிமீட்டர், மேலும் கீழும் 23. ஏன் இரண்டும் ஒன்றாக இல்லை? துணியை மைக்ராஸ்கோப்பில் வைத்து இழை எண்ணினோம். ஒரு பக்கம் 10 மில்லிமீட்டருக்கு 40 இழை, மறுபக்கம் 35. பாவும் ஊடும் ஒரே நெருக்கத்தில் இல்லை. இழை நெருக்கமாக இருந்த திசையில் புள்ளிகள் அகன்று நின்றன. அண்ணன் மகள் துணியைப் பக்கவாட்டில் இழுத்து இழைகளை விலக்கினாள். சுவரில் புள்ளிகள் நெருங்கி வந்தன. நிழல் இப்படி நடந்துகொள்ளாது. சல்லடையின் கண்ணை அகலமாக்கினால் நிழலும் அகலமாகும். இங்கே எல்லாம் தலைகீழ்.

அவளுக்கு விளக்குவதற்கு நான் கையில் எடுத்தது மழைத் தண்ணீரை. எங்கள் தெருவில் பலத்த மழை பெய்தால் அரை மணி நேரத்தில் தண்ணீர் தேங்கிவிடும். மழை விட்டதும் பால்கனி விளிம்பிலிருந்து இரண்டு இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். ஒவ்வொரு சொட்டிலிருந்தும் வட்ட வட்டமாக அலை. இரண்டு வட்டங்களும் மோதும் இடத்தில், ஒன்றின் மேடும் மற்றதன் மேடும் சேர்ந்தால் தண்ணீர் எகிறும், ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்தால் தண்ணீர் சும்மா இருக்கும். துணியில் இருக்கும் ஒவ்வொரு இடுக்கும் ஒரு சொட்டு. சுவரில் ஓர் இடத்துக்குப் பக்கத்துப் பக்கத்து இடுக்குகளிலிருந்து வரும் ஒளி நடந்த தூரத்தில் ஒரு முழு அலைநீளம் (ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடுவரை உள்ள தூரம்) வித்தியாசம் இருந்தால் எல்லாம் மேடோடு மேடு சேர்ந்து புள்ளியாகிறது. இடுக்குகள் நெருங்கி இருந்தால் அந்த ஓர் அலைநீள வித்தியாசத்தை எட்ட இன்னும் சாய்வாகப் போக வேண்டும், அதனால் புள்ளிகள் அகல்கின்றன. துணியை ஆட்டினால் ஏன் ஆடவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. புள்ளி எங்கே விழும் என்பதை இடுக்குக்கும் இடுக்குக்கும் உள்ள தூரமும் திசையும் தீர்மானிக்கின்றன. எந்த இடுக்கு என்பது கணக்கிலேயே இல்லை. நகர்த்தினால் இடுக்குகள் மாறுகின்றன, இடைவெளி மாறவில்லை. திருகினால் திசை மாறுகிறது, புள்ளியும் சுற்றுகிறது. சிவப்புக்கு அலைநீளம் அதிகம், அதனால் அது வெளியே, நீலம் உள்ளே.

நடுவில் ஓர் ஏமாற்றம். மொட்டை மாடிக்குப் போய், ஷ்வேடகோன் புத்தர் கோயில் தங்கமாக எரிவதைக் குடை வழியாகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஆசையாக ஏறினோம். ஒன்றும் இல்லை, வெறும் மங்கல். அவ்வளவு பெரிய வெளிச்சத்தில் ஒவ்வொரு இடமும் தன் புள்ளிகளைத் தனித்தனியாகப் போட, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கிவிடுகின்றன. தூரத்தில் இருக்கும் சின்ன விளக்குதான் இதற்கு வேண்டும். அதனால்தான் வெற்றிலைக் கடை.

சரி, புள்ளி வந்துவிட்டது. இதை வைத்து அளக்க வேண்டுமானால் லேசரின் அலைநீளம் சரியாகத் தெரிய வேண்டும். லேபிளில் ‘650 கூட்ட கழிக்க 10’ நானோமீட்டர் என்று இருந்தது. நடைபாதை லேபிளை எவ்வளவு நம்பலாம்? அளவு தெரிந்த ஏதாவது ஒரு சல்லடை வேண்டும். அது வீட்டிலேயே கிடந்தது: அண்ணனின் பழைய பக்திப்பாட்டு சிடி. சிடியில் தடத்துக்கும் தடத்துக்கும் 1.6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 625 தடம். எந்தக் கம்பெனி சிடியானாலும் இதே அளவை ஒட்டித்தான் இருக்கும், இல்லாவிட்டால் பிளேயரில் ஓடாது.

ஒரு மீட்டர் அகல அட்டையின் நடுவில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாக லேசர் போய், 500 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் சிடியில் படும்படி வைத்தேன். நேரே திரும்பும் புள்ளி ஓட்டைக்குள்ளேயே வந்து விழும்வரை சிடியைத் திருத்த வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. லேசர் படும் இடம் சிடியின் வலது ஓரமாகவோ இடது ஓரமாகவோ இருக்கட்டும். அங்கேதான் தடங்கள் செங்குத்தாக நிற்கும், புள்ளிகள் பக்கவாட்டில் விழும். மேல் ஓரத்தில் பட்டால் புள்ளி கூரைக்கும் தரைக்கும் போய்விடும். எனக்கு முதல் முறை அப்படித்தான் போனது.

அட்டையில் இடப்பக்கம் 221, வலப்பக்கம் 225. சிடி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சராசரி 223 எடுத்துக்கொண்டேன். துணிக்குச் சரிப்படும் கணக்கையே போட்டேன்: இடைவெளி பெருக்கல் புள்ளித் தூரம், வகுத்தல் சுவர்த் தூரம். 1.6ஐ 223ஆல் பெருக்கி 500ஆல் வகுத்தால் 0.714 மைக்ரான். அதாவது 714 நானோமீட்டர். நடைபாதைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முடிவுகட்டி, அவனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசவும் செய்தேன். 714 என்றால் கண்ணுக்கு மிகவும் மங்கலாகத் தெரிய வேண்டும், இது பளிச்சென்று எரிகிறதே என்று அப்போது தோன்றவில்லை.

அண்ணன் மகள் நோட்டில் ஒரு முக்கோணம் போட்டாள். “சித்தப்பா, 500 அடிப்பக்கம். நீங்க வகுக்க வேண்டியது சாய்ஞ்ச பக்கத்தால.” அவள் சொன்னது சரி. ஒளி நடந்த தூர வித்தியாசத்துக்கு, சாய்ந்த பக்கத்தால் வகுக்கும் சைன்தான் வேண்டும், நான் போட்டது அடிப்பக்கத்தால் வகுக்கும் டேன். 10 மீட்டர் தூரத்தில் 26 மில்லிமீட்டர் என்றால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. 500க்கு 223 என்னும்போது தெரியும். சாய்ந்த பக்கம் 547.5. 223ஐ அதால் வகுத்து 1.6ஆல் பெருக்கினால் 0.652. 652 நானோமீட்டர்! நடைபாதைக்காரனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

டிவிடியையும் பார்த்துவிடலாம் என்று வைத்தோம். அதில் தடம் 0.74 மைக்ரான், சிடியில் பாதிக்கும் குறைவு. 500இல் வைத்தால் புள்ளி அட்டையைத் தாண்டிப் போய்விட்டது. 200க்குக் கிட்டே கொண்டு வந்த பிறகு 373இல் விழுந்தது. கணக்குப் போட்டால் மறுபடியும் 652. இரண்டு வேறு சல்லடை, ஒரே விடை. அன்றைக்கு ராத்திரி சோறு ருசித்தது. டிவிடியில், இரண்டு அலைநீள வித்தியாசத்தில் வர வேண்டிய இரண்டாவது புள்ளியே வராது என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். சைன் 1.76 ஆக வேண்டும், சைன் 1ஐத் தாண்டும் கோணம் உலகத்தில் கிடையாது.

சிடியில் இரண்டாவது புள்ளி உண்டு. அது எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை. ஏறக்குறைய 55 பாகையில் அட்டையைத் தாண்டி, திறந்திருந்த பால்கனிக் கதவு வழியாக, குறுகலான தெருவைக் கடந்து எதிர்வீட்டு பால்கனியில் போய் விழுந்திருக்கிறது. நான் சிடியைத் திருத்தத் திருத்த, அது அங்கே குதித்திருக்கிறது. எதிர்வீட்டுப் பூனை அதைப் பிடிக்கப் பாய்ந்து பாய்ந்து, நாளிதழ் வாங்க அவர்கள் மேலிருந்து தொங்கவிட்டிருக்கும் கயிற்றில் சிக்கிக்கொண்டது. அந்த வீட்டு பர்மியப் பெரியம்மா போட்ட சத்தத்தில்தான் இரண்டாவது புள்ளி இருப்பதே தெரிந்தது. கதவைச் சாத்தினேன். அன்றிலிருந்து முதல் வேலை, எத்தனை புள்ளி எங்கெங்கே போகிறது என்று பார்ப்பது. சிரிப்பாக இருந்தாலும், அந்தப் புள்ளி பூனைக்குப் பதில் ஒருவர் கண்ணில் விழுந்திருந்தால் சிரிக்க முடியாது.

அடுத்து முடி. சல்லடையெல்லாம் வேண்டாம், ஒற்றை முடி போதும். லேசர் வாயில் குறுக்கே என் தலைமுடி ஒன்றை டேப் வைத்து ஒட்டினேன். சுவரில் நடுவே கண்ணைப் பறிக்கும் புள்ளி, இருபக்கமும் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிக் கோடுபோல ஓடின. முடி ஒளியைத் தடுக்கும் பொருள், இடுக்கு ஒளியை விடும் பொருள். ஆனாலும் ஒரே அகலமுள்ள முடியும் இடுக்கும், நடுப்புள்ளி ஒன்றைத் தவிர, ஒரே மாதிரிக் கோலத்தைத்தான் போடும். பாபினே என்ற பிரெஞ்சுக்காரர் பெயரில் இருக்கும் விதி இது. முதலில் நம்ப முடியவில்லை, இரண்டு பிளேடை வைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அலைநீளம் 652, தூரம் 10 மீட்டர் என்பதால் கணக்கு வாய்ப்பாடு மாதிரி சுருங்கிவிட்டது: 6520ஐ இருட்டுக்கும் இருட்டுக்கும் உள்ள மில்லிமீட்டரால் வகுத்தால் முடியின் தடிமன் மைக்ரானில். நடுப்புள்ளிக்கு இருபக்கமும் இருந்த முதல் இருட்டுகளுக்கு நடுவே 174 அளந்தேன். வகுத்தால் 37. என் முடி குழந்தை முடி மாதிரி மெல்லியதாம். அண்ணி அடுப்படியிலிருந்து, “வயசானா முடியும் இளைக்கும்போல” என்றார். இளைக்கவில்லை. நடுவில் இருக்கும் வெளிச்சப் பட்டை மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு அகலம், அதை ஒன்றாக எண்ணியது என் தப்பு. 174இல் பாதி 87. என் முடி 75 மைக்ரான்.

அண்ணன் மகளுக்கு இந்தப் பிழை வரவில்லை. இடப்பக்கம் மூன்றாவது இருட்டிலிருந்து வலப்பக்கம் மூன்றாவது இருட்டுவரை 630 அளந்து ஆறால் வகுத்தாள். 105 வந்தது, அவள் முடி 62 மைக்ரான். தூரமாக உள்ள இரண்டை அளந்து வகுத்தால் பென்சில் கோட்டின் தடிமன்கூடப் பெரிய பிழையைத் தராது. ஆனால் அவள் முடியில் முதலில் கோடுகள் கசங்கித்தான் தெரிந்தன. தேங்காயெண்ணெய்! பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவித் துடைத்த பிறகு தெளிந்தது.

சரிபார்க்க லேத் பட்டறைக்குப் போனோம். அங்கே பழக்கமானவர் மைக்ரோமீட்டரில் என் முடியை வைத்துத் திருகினார். 0.07. இன்னொரு முறை, 0.08. அதற்கு மேல் அந்தக் கருவியால் நுணுக்கமாகச் சொல்ல முடியாது, முடியையும் நசுக்கும். ஒளி நசுக்காது.

இந்த யோசனையும் புதிதில்லை. இரட்டைப் பிளவுச் சோதனைக்காகப் பாடப்புத்தகத்தில் வரும் தாமஸ் யங், எரியோமீட்டர் என்று ஒரு கருவியே செய்தார். கம்பளி மயிரின் தடிமனை ஒளி வளையத்தின் அளவை வைத்துச் சொல்லும் கருவி. அவர் படித்தது மருத்துவம், பார்த்ததும் அந்தத் தொழில்தான்.

இங்கிருந்து என் தொழிலுக்கு வந்தேன். ஜம்பர் வயர் என்பது எனாமல் பூசிய செம்புக் கம்பி. போர்டில் அறுந்துபோன தடத்துக்குப் பதிலாக ஓட்டுவது. ரீலில் 0.1 மில்லிமீட்டர் என்று போட்டிருந்ததை லேசரில் வைத்தேன். இருட்டு இடைவெளி 58, அப்படியானால் 112 மைக்ரான். அதிகமாக இருக்கிறதே என்று யோசித்து, லைட்டரில் ஒரு நொடி காட்டி, தின்னரில் நனைத்த பஞ்சால் எனாமலைத் துடைத்துவிட்டு அதே கம்பியை மறுபடி வைத்தேன். இடைவெளி 65 ஆனது, கம்பி 100 மைக்ரான். லேபிள் சொன்னது செம்பின் அளவை. மீதி 12 மைக்ரான் எனாமல், பக்கத்துக்கு 6. பதினைந்து வருடமாகச் சுரண்டிக்கொண்டிருக்கும் அந்தத் தோல் எவ்வளவு தடிமன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சுவரில், அடுப்படிப் புகை படிந்த சுண்ணாம்பில், 7 மில்லிமீட்டர் நகர்ந்த ஒரு சிவப்புக் கோடு அதைச் சொன்னது.

கடைசியில் யங்கின் சோதனை. பாடப்புத்தகத்தில் சொல்கிறபடி கண்ணாடியில் மெழுகுவர்த்திப் புகை பிடித்து, இரண்டு கோடு கீறிப் பார்த்தேன். கரி உதிர்ந்து இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டன. நான்கு கண்ணாடி வீண். அப்புறம் தொழில் புத்தி வேலை செய்தது. சவர பிளேடை இரண்டாக உடைத்து, முனைகள் எதிரெதிரே 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்க, மைக்ராஸ்கோப்பின் கீழ் கண்ணாடியில் ஒட்டினேன். அந்த இடைவெளியின் நட்டநடுவே எனாமல் போகாத ஜம்பர் வயரை இழுத்து ஒட்டினேன். கம்பிக்கு இருபுறமும் ஒவ்வொரு பிளவு. போர்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பத்து நிமிட வேலை. பசை ஒரு சொட்டு வழிந்ததால் எனக்கு முக்கால் மணி.

சுவரில் ஐந்து வரிகள், ஓரத்து இரண்டும் மங்கல். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு 128, நான்கால் வகுத்தால் 32. பிளவுகளுக்கு நடுவே உள்ள தூரம் 204 மைக்ரான் என்று வந்தது. மைக்ராஸ்கோப்பிலும் ஏறக்குறைய அதேதான். நான் பார்க்க விரும்பியது அளவை அல்ல. நடு வரியை ஒட்டி இருந்த இருட்டுகளில் ஒன்றைப் பென்சிலால் குறித்தேன். அந்த இடத்தில் ஒளி பட்டால் தடை குறையும் எல்.டி.ஆர் ஒன்றை ஒட்டி, மல்டிமீட்டரில் மாட்டினேன். 410 கிலோ ஓம். இப்போது மூன்றாவது பிளேடை முன்னால் மெல்ல நகர்த்தி, ஒரு பிளவை மட்டும் மூடினேன். வரிகள் காணாமல் போய், சுவரில் அகலமான ஒரே பூச்சு. மீட்டர் 95க்கு இறங்கியது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு கதவைச் சாத்தினேன், அறையின் அந்த மூலையில் வெளிச்சம் கூடிவிட்டது. பிளேடை எடுத்தேன், கதவு திறந்தது, மூலை மறுபடி இருண்டது. எல்.டி.ஆர் எவ்வளவு மடங்கு என்று கணக்காகச் சொல்லாது, கூடியதா குறைந்ததா என்று சொல்லும். அது போதும். குண்டு குண்டாக ஏதோ பறந்து வருவதுதான் ஒளி என்றால், கூடுதல் வழி திறந்ததும் ஓர் இடத்தில் வரவு குறைய வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பிளவிலிருந்து வரும் ஒளி மற்றதைவிட அரை அலைநீளம், 326 நானோமீட்டர், கூடுதலாக நடந்திருக்கிறது. என் முடியில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த வித்தியாசத்தில் மேடும் பள்ளமும் சேர்ந்து அழிந்துவிட்டன. அழிந்த ஒளி தொலைந்துபோகவில்லை, பக்கத்து வரியில் கூடியிருக்கிறது. வரியின் நடுவே இரண்டு பிளவும் சேர்ந்து தருவது ஒரு பிளவு தருவதில் நான்கு மடங்கு.

யங்கும் இதையேதான் செய்தார். லேசர் இல்லாத 1803இல், சிறு துளை வழியாக வந்த சூரியக் கதிரின் குறுக்கே ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டை வைத்தார். அதன் நிழலுக்குள் வரிகள் தெரிந்தன. ஒரு பக்கத்து ஒளியை மட்டும் சின்ன மறைப்பால் தடுத்ததும் நிழலுக்குள் இருந்த வரிகள் மறைந்தன. என் மூன்றாவது பிளேடும் அவர் மறைப்பும் ஒரே வேலைக்குத்தான்.

ஒளி ஓர் அலை என்று யங் சொன்னதை உடனே எல்லோரும் ஏற்கவில்லை. 1818இல் பாரிசில் பிரெனெல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இதைக் கணிதமாக எழுதிப் போட்டிக்கு அனுப்பியபோது, நடுவர்களில் ஒருவரான புவாசோன் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்: இந்தக் கணக்கு சரியென்றால் ஒரு வட்டத் தட்டின் நிழலின் நட்டநடுவில் வெளிச்சப் புள்ளி இருக்க வேண்டும், இது என்ன அபத்தம்! இன்னொரு நடுவரான அராகோ செய்து பார்த்தார். புள்ளி இருந்தது.

நாங்களும் செய்தோம். லேசரின் லென்ஸைத் திருகிக் கதிரை விரித்து, 5 மீட்டரில் ஒரு கண்ணாடியில் மணி ஒன்றை ஒட்டினோம். கவரிங் மாலையில் வருவது, பார்க்க உருண்டை. புள்ளி வரவில்லை. பசையைக் குறைத்தோம், வரவில்லை. சைக்கிள் கடையில் 4 மில்லிமீட்டர் பால்ரஸ் குண்டு ஒன்று வாங்கி வந்து, பின்னால் மட்டும் பசை வைத்து ஒட்டியதும் வந்தது: நிழலின் நடுவே ஒரு மில்லிமீட்டர் அகலத்தில், ஊசிமுனை மாதிரி. ஓரத்தின் எல்லா இடத்திலிருந்தும் நடுவுக்குத் தூரம் ஒன்றே, அதனால் எல்லாம் மேடோடு மேடாக வந்து சேர்கின்றன. மணி உருண்டையாக இருக்கிறது என்று நினைத்தது நம் கண், ஒளிக்கு அது உருண்டையில்லை.

மழை முடிந்துவிட்டது. அடுப்படிச் சுவரில் பென்சில் கோடுகள் மிச்சம். தீபாவளிக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். அடிக்கட்டும், நடுக்கோட்டை மட்டும் ஆணியில் கீறி வைத்திருக்கிறேன். ஏனென்றால் 0.02 என்று போட்டு விற்கும் மெல்லிய வயர் ரீல்கள் மூன்றை வைத்துப் பார்த்ததில், இரண்டு எனாமலோடு 26 மைக்ரான், மூன்றாவது 34. அந்த மூன்றாவதில்தான் போன மாதம் இரண்டு போர்டு சொதப்பியது. இதைத் தெருவில் இன்னொரு ரிப்பேர்க்காரரிடம் சொன்னேன். நேற்று அவர் ஐந்து ரீலோடு வந்து நிற்கிறார்.